வெள்ளை வீட்டுக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை

ஹார்லன் லேண்டிங், இந்தியானா
ஜூன் 9, 1986

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு,

அக்கா வெல்டா எழுதுவது. கையும் காலும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீயும் வெர்லினும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். சோளம் எந்த உயரம் வந்திருக்கிறது?

நீ கூப்பிட்டதைப் பற்றி யோசித்தேன். சரி, வருகிறேன். வீட்டை விற்றுவிட்டு அக்டோபர் முடிவதற்குள் நெப்ராஸ்காவுக்கு உன்னிடமே வந்துவிடுகிறேன். லூயிவில்லிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து வீட்டைப் பார்த்தார்கள். அந்தப் பெண் முன்னறை ஜன்னலில் நின்று கீழே ஆற்றைப் பார்த்துவிட்டு, "இந்த ஜன்னலுக்காகவே வாங்கலாங்க" என்றாள். ஜன்னல் திரையை அவள்தான் விலக்கினாள். ஜனவரியிலிருந்து ஆற்றுப் பக்கத்துத் திரைகளை நான் திறப்பதில்லை. அவர்கள் போனதும் மூடிவிட்டேன்.

ராஸ்கோவின் சட்டைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்தேன். பூட்ஸைக் கொடுக்க மனம் வரவில்லை. அது அவர் நிற்கிற மாதிரியே நிற்கிறது, ஒரு பக்கம் சாய்ந்து.

சாயங்காலமானால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பேஸ்பால் ஆட்டம் ஒன்றும் புரிவதில்லை. அவர்கள் கத்துவது வீட்டை நிரப்புகிறது, அது போதும்.

உன் வீட்டிலிருந்து ஆறு எவ்வளவு தூரம்? ஏன் என்று கேட்காமல் பதில் மட்டும் எழுது.

பிரியமுள்ள அக்கா,
வெல்டா


ஓர்டன், நெப்ராஸ்கா
ஜூன் 20, 1986

என் அக்கா வெல்டாவுக்கு,

உன் கடிதம் கண்டு எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நாங்கள் சுகம். சோளம் முழங்காலைத் தாண்டிவிட்டது, உன் முழங்காலைப் போல முணுமுணுக்காமல்.

ஆறு அரை நாள் கார்ப் பயணம். அதையும் ஆறு என்று சொல்ல உனக்கு வாய் வராது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடந்தே கடக்கலாம். படகு, சங்கு, தோணி ஒன்றும் கிடையாது. காற்று மட்டும்தான்.

கிழக்கு அறைக்கு இளமஞ்சள் பூசியிருக்கிறோம். வெர்லின் அலமாரி செய்யப் பலகை வாங்கி வந்துவிட்டார். "உன் அக்கா வந்தா வீட்ல உருப்படியா சமைக்க ஒரு ஆளாச்சு இருக்கும்" என்கிறார். அவர் தட்டில் இன்று பீன்ஸ் மட்டும் வைத்தேன்.

ராஸ்கோ அத்தான் படகிலேயே, சுக்கானில் கை வைத்தபடியே மாரடைப்பில் போனது எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை. நீ அந்த ஆற்றைத் தினம் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பாய்? சீக்கிரம் வந்துவிடு. ஒன்று கேட்கிறேன், உனக்கு ரேடியோவே பிடிக்காதே?

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
ஆர்டிஸ்


ஹார்லன் லேண்டிங்
ஜூலை 7, 1986

அன்புத் தங்கைக்கு,

இங்கே வெயில். அதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவருக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

சிரிக்காமல் படி. நம் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரியாகிவிட்டேன் நான்.

வீட்டு விஷயமாக வங்கிக்குப் போயிருந்தேன். முழங்கால் வலிக்கவே வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அயோவாவிலிருந்து ஒரு பஸ் நிறைய தேவாலயத்துப் பெண்கள் வந்து இறங்கினார்கள். அவர்களை நடத்திக்கொண்டு போய் ஊரைக் காட்ட ஒருத்தி வந்தாள். மார்லிஸ் என்று பெயர். இந்த வசந்தத்தில்தான் இந்த ஊருக்கு வந்தாளாம், அதற்கு முன் எங்கோ பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாளாம். ஒரு கையில் சிவப்புக் குடை. இன்னொரு கையால் ஒவ்வொருத்தி மார்பிலும் வட்டமான மஞ்சள் தாளை ஒட்டிக்கொண்டே வந்தவள், எனக்கும் ஒட்டிவிட்டாள்.

"எந்திரிங்கம்மா, எல்லாரும் கிளம்பியாச்சு. நீங்க எந்த ஊரு?"

இதே ஊர்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அயோவாக்காரிகள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வாயில் வந்தது, "நெப்ராஸ்கா."

"அவ்ளோ தூரத்துல இருந்தா? அப்போ நீங்க முன்னாடி வாங்க. பாவம், பின்னாடி நின்னா ஒண்ணும் தெரியாது."

அதற்குப் பிறகு எப்படி வீட்டுக்குப் போவது? முன்னால் போனேன்.

ஆர்டிஸ், நான் இந்த ஊரில் அறுபது வருஷம் குனிந்துகொண்டே நடந்திருக்கிறேன். வங்கிக்கு எதிரே உள்ள கடைவரிசை இருக்கிறதே, முகப்பு முழுவதும் இரும்பு. கல் என்றே நினைத்திருந்தேன். மார்லிஸ் சாவிக்கொத்தால் ஒரு தூணைத் தட்டினாள், கோயில் மணி மாதிரி முழங்கிற்று. அந்தக் காலத்தில் நீராவிப் படகில் துண்டு துண்டாக வந்து இறங்கி, இங்கே கோத்தார்களாம். அதே தூணில் சாய்ந்துகொண்டுதான் ராஸ்கோ முதன்முதலில் என்னை ஐஸ்கிரீம் சாப்பிடக் கூப்பிட்டார். யாரும் பார்க்காதபோது நானும் ஒரு தட்டு தட்டினேன். எனக்கும் முழங்கிற்று.

அடுத்த வரிசையில் கடைப் பலகைகளுக்கு மேலே கூரையோரம் வரிசையாகக் கல்முகங்கள். ஒருத்தி வாயைத் திறந்து பாடுகிறாள், அவள் வாய்க்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது. நான் அவளுக்குக் கீழே எத்தனை முறை உருளைக்கிழங்கு வாங்கியிருப்பேன்.

நம் தேவாலயக் கடிகாரத்துக்கு மூன்று பக்கம்தான் முகம் என்று உனக்குத் தெரியுமா? ஆற்றைப் பார்த்த பக்கம் வெறும் பலகை. "கோபுரம் கட்டும்போது அக்கரை கென்டக்கிக்காரங்க காசு குடுக்கல. சரிதான், அவங்களுக்கு எதுக்கு மணின்னு விட்டுட்டாங்க" என்றாள் மார்லிஸ். அயோவாக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஸ்கோ கென்டக்கிக்காரர் ஆயிற்றே. ஏன் எப்போதும் சாப்பாட்டுக்கு நேரம் கழித்து வந்தார் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

நான் பதினான்கு வயதில் சேர்ந்த பொத்தான் தொழிற்சாலை இப்போது படத்துக்குச் சட்டம் போடுகிற கடை. பொத்தானுக்காக வட்ட வட்டமாகத் துளை போட்ட ஆற்றுச் சிப்பி ஒன்றைக் கைமாற்றிக் காட்டினார்கள். "என்ன அழகு" என்றார்கள். நானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. அந்த நாளில் தெரியவில்லை, கட்டை விரலில் ரத்தம் வருவதுதான் தெரிந்தது.

பிறகு வங்கியின் பக்கச் சுவர். மார்லிஸ் குடையை உயர்த்தினாள். குடைக்கும் எட்டாத உயரத்தில் வெள்ளம் ஏறி நின்ற கோடு, பக்கத்தில் 1937. அந்தக் கோடு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் அதன் கீழே நின்று நான் அண்ணாந்து பார்த்ததில்லை. அப்பா மாடி ஜன்னல் வழியாக நம்மைப் படகில் இறக்கியது நினைவிருக்கிறதா? கோழியை விட மாட்டேன் என்று நீ அழுதாய். நாம் தெருவில் போகவில்லை, ஆர்டிஸ். இந்த அயோவாக்காரிகளின் தொப்பிகளுக்கு மேலே, வெறும் காற்று இருக்கிற இடத்தில், நம் படகு போயிருக்கிறது. நான் என்னையே தலைக்கு மேலே தேடினேன். கழுத்து வலிக்கிற வரை பார்த்தேன்.

கடைசியில் முன்தெரு முனை வரை போனோம். அதோடு முடிந்தது.

வெர்லினுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா,
வெல்டா


ஓர்டன், நெப்ராஸ்கா
ஜூலை 19, 1986

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூடப் பொறுமை இல்லை எனக்கு. உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். வெர்லின் மறுபடியும் படிக்கச் சொன்னார். பதிலுக்கு அவரைப் பாத்திரம் கழுவ வைத்தேன்.

அந்தக் கோழிக்கு மிஸஸ் பிக்கெட் என்று பெயர். படகில் என் மடியில் அது முட்டை இட்டது. நீ சொல்லும் வரை நாம் மிதந்தது எவ்வளவு உயரம் என்று எனக்கும் தோன்றவே இல்லை. இங்கே வயலில் நின்று மேலே பார்த்தேன். வானம்தான் இருந்தது.

பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தபோது அந்த ஊர்ச் சேற்றைக் காலிலிருந்து கழுவிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டவள் நான். இப்போது அந்தப் பாடுகிற கல்பெண்ணைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். முன்தெரு முனை என்றால் உன் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு அல்லவா? அங்கே எதற்குக் கூட்டத்தை நிறுத்தினாள்? குருவிக்கூட்டைக்கூட எழுதினவள் அதை எழுதவில்லையே.

பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாயா?

ஆர்டிஸ்


ஓர்டன், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 18, 1986

அக்கா,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? இரண்டு தடவை போன் செய்தேன். எடுத்தாய். பின்னால் ரேடியோ அலறியது. "யாரு, யாரு" என்று கேட்டு வைத்துவிட்டாய். நான் இங்கே "நான்தான் அக்கா, நான்தான்" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டாம். நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. இல்லையென்றால் வெர்லின் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் ஓட்டுவது உனக்குத் தெரியும்.

ஆர்டிஸ்


ஹார்லன் லேண்டிங்
ஆகஸ்ட் 27, 1986

அன்புத் தங்கைக்கு,

உடம்பு நலம். மனசைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். பல தாள்களைக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

எனக்கும் ராஸ்கோவுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. நீ போன பிறகு வந்தது, உனக்குத் தெரியாது. அவர் ஓட்டியது தள்ளுபடகு. நிலக்கரித் தோணிகளை முன்னால் வரிசையாகக் கட்டி, ஒரு தெரு நீளத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். மாதக்கணக்கில் வீட்டுக்கு வர மாட்டார். ஆனால் ஊரைத் தாண்டித்தானே போக வேண்டும்? வளைவு திரும்பியதும் படகின் சங்கை ஊதுவார். ஒரு நீளம், இரண்டு குட்டை. வீட்டில் இருக்கிறாயா என்று அர்த்தம். பகலென்றால் தாழ்வாரத்தில் நின்று துண்டை ஆட்டுவேன். இருட்டென்றால் தாழ்வார விளக்கைப் போட்டு அணைப்பேன். இருக்கிறேன் என்று அர்த்தம். நாங்கள் மேசையில் உட்கார்ந்து பேசியதைவிட இப்படிப் பேசியதுதான் அதிகம்.

ஜனவரியில் அந்தச் சாயங்காலம் அவர் படகு ஊதாமல் வளைவு திரும்பியது. நான் விளக்குச் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். படகு நேரே போகவில்லை. வேகம் குறைந்து நம் துறையில் ஒதுங்கியது. யாரும் படியேறி வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சுவிட்சை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

அவரைப் புதைத்துவிட்டு வந்த வாரமே அது கேட்டது, ஆர்டிஸ். ஒரு நீளம், இரண்டு குட்டை. மறுநாளும் கேட்டது. ஒரு நாள் தடித்த குரல், ஒரு நாள் கீச்சுக் குரல். எதுவும் அவர் படகின் குரல் இல்லை. ஆனால் சொல்வது அதேதான். வீட்டில் இருக்கிறாயா?

அம்மாவின் கடைசி வருஷங்கள் உனக்கு மறந்திருக்காது. சுவரோடு பேசுவாளே. எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரிடமாவது "உங்களுக்கும் கேக்குதா" என்று கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால்? அதனால்தான் திரை, அதனால்தான் ரேடியோ, அதனால்தான் ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். உன் மேல் உள்ள பாசத்தால் மட்டும் நெப்ராஸ்காவுக்கு வரச் சம்மதிக்கவில்லை. அது கேட்காத இடத்துக்கு ஓடப் பார்த்தேன்.

இப்போது முன்தெரு முனை. மார்லிஸ் அங்கே குடையை மடக்கி, மேலே நீட்டினாள், நேராக என் வீட்டை.

"அதோ அந்த வெள்ளை வீடு தெரியுதா? அங்க ஒரு படகுக்காரரோட சம்சாரம் இருந்தாங்க. அவர் சங்கு ஊதினா இவங்க விளக்கு காட்டுவாங்க. ஒரு நாள் அவர் ஆத்துலயே போயிட்டாரு. அந்தம்மா விளக்க அணைச்சுட்டு, கொஞ்ச நாள்ல அவங்களும் போய்ச் சேந்துட்டாங்க."

"எப்போ இது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரொம்பக் காலம் ஆச்சு."

அண்ணாந்து பார்த்தேன். காலையில் நான் காயப்போட்ட பாத்திரத் துண்டு தாழ்வாரக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. நான் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்போ அந்தத் துணி யாரோடது?"

"இப்ப யாரோ இருக்காங்க போல" என்றாள் மார்லிஸ். "ஆனா கேளுங்க, இன்னிக்கும் படகுங்க இந்த வளைவுல…"

அவள் முடிக்கவில்லை. வளைவில் ஒரு படகு திரும்பியது. ஊதியது. ஒரு நீளம். இரண்டு குட்டை.

என் பக்கத்தில் நின்ற அயோவாக் கிழவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா?" என்றாள்.

ஆர்டிஸ், அவள் என்னைக் கேட்டாள். ஆறு மாதமாக நான் யாரையும் கேட்கப் பயந்ததை அவள் என்னைக் கேட்டாள். அத்தனை பேருக்கும் கேட்டிருந்தது. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், ஒருத்தி தொப்பியைக் கழற்றினாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

அன்று ஒரு நாள் மட்டும் ரேடியோவைப் போடவில்லை. ஆனால் திரையைத் திறக்கவும் இல்லை. எனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்தது பெரிய ஆறுதல். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் இல்லை. யார் ஊதுகிறார்கள்?

வெல்டா


ஓர்டன், நெப்ராஸ்கா
செப்டம்பர் 6, 1986

என் அக்காவுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகம் மட்டும்தான் எங்கள் கவலை.

உன் கடிதத்தை வெர்லினிடம் படிக்கக் கொடுக்கவில்லை. தனியாகக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். அம்மா மாதிரி ஆகிவிடுவோமோ என்று எனக்கும் பயம் உண்டு. சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்தால்கூட நடுங்குவேன். நாம் இருவரும் ஒரே பயத்தை இத்தனை வருஷம் தனித்தனியாக வைத்திருந்திருக்கிறோம்.

யார் ஊதுகிறார்கள் என்று விசாரி. அத்தானோடு வேலை பார்த்தவர்கள் இருப்பார்களே. அந்த மார்லிஸிடமும் போய் நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்லித் தொலை.

ஆனால் அக்கா, பயம் போய்விட்டது என்பதால் வராமல் இருந்துவிடாதே. அலமாரி முடிந்துவிட்டது. கதவு கொஞ்சம் கோணல், பார்த்தும் பார்க்காத மாதிரி இரு.

ஆர்டிஸ்


ஹார்லன் லேண்டிங்
செப்டம்பர் 22, 1986

அன்புத் தங்கைக்கு,

காற்று குளிர ஆரம்பித்திருக்கிறது, எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. அங்கே அறுவடை தொடங்கியிருக்கும். வெர்லினைக் கவனமாக இருக்கச் சொல்.

விசாரித்தேன். டெல்மர் வந்தான். ராஸ்கோவுடன் மாற்றி மாற்றிச் சுக்கான் பிடித்தவன், அன்றைக்கு அவர் கையிலிருந்து சுக்கானை வாங்கியவனும் அவன்தான். தொப்பியைச் சுருட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தான். காபி கொடுத்தேன். நேராகக் கேட்டேன்.

"யாருடா ஊதுறது?"

"எல்லாரும்தான் அண்ணி."

"எல்லாரும்னா?"

"மேல பிட்ஸ்பர்க்ல இருந்து கீழ ஆறு முடியிற கெய்ரோ வரைக்கும் ஓட்டுற அத்தனை பேரும். புதுசா ஒருத்தன் வந்தான்னா படகு ரேடியோல சொல்லிடுவோம், ஹார்லன் வளைவு வந்தா வெள்ளை வீட்டுக்கு ஊதிட்டுப் போன்னு. ராஸ்கோ வீடுன்னா போதும், வேற கேக்க மாட்டான். பாதிப் பேரு அண்ணனப் பார்த்ததே இல்ல."

"வீட்ல விளக்கு எரியல. அது தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது அண்ணி." காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதனாலதான் விடாம ஊதுறோம். வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடுறோம். இதச் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் வரல. சீட்டு எழுதிப் போட்டுப் பார்த்தோம். எனக்கு வந்துச்சு. நான் ஏப்ரல்ல இருந்து தள்ளிப் போட்டுட்டு வர்றேன்."

நான் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. இன்னொரு கப் காபி ஊற்றினேன். ஆயிரம் மைல் ஆறு, ஆர்டிஸ். அதில் எனக்கு முகம் தெரியாத ஆண்கள், ராஸ்கோவின் முகமும் தெரியாதவர்கள், இந்த வளைவு வந்தால் கையை உயர்த்திச் சங்குக் கயிற்றைப் பிடிக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஒன்றுக்கு நான் ரேடியோவில் பேஸ்பால் வைத்துக் காதை மூடிக்கொண்டிருந்தேன்.

மார்லிஸ் விஷயமும் முடிந்தது. சனிக்கிழமை தாழ்வாரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அவள் ஒரு கூட்டத்தோடு நின்று என் சாவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். குடை கையிலிருந்து விழுந்து படிகளில் உருண்டது.

"நெப்ராஸ்கா அம்மா? நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"என் வீடுடி இது. செத்தவ துணி எடுக்கக் கூடாதா?"

கூட்டத்தில் ஒரு ஆள் கைதட்டினான், இதுவும் அவர்கள் ஏற்பாடு என்று நினைத்து. எல்லாரும் போன பிறகு அவள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள்.

"என்னை எப்படிடி கொன்ன?"

"சாப்பாட்டுக் கடையில படகுக்காரங்க பேசிக்கிட்டாங்க, அந்த வீட்ல விளக்கு அணைஞ்சு போச்சுன்னு. மிச்சத்த நானே முடிச்சுப் போட்டுட்டேன்."

"ரொம்பக் காலம் ஆச்சுன்னு சொன்னியே?"

"பழசுன்னாதாம்மா கேக்குறாங்க" என்று அழுதாள். "நாளைக்கே மாத்திடுறேன்."

"செத்துட்டேன்னே சொல்லு. கூட்டம் நல்லா வருது."

சிரித்துவிட்டாள். ஜனவரிக்குப் பிறகு நானும் அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். போகும்போது வாசலில் திரும்பி, "அந்த விளக்க மறுபடி போடுவீங்களா?" என்று கேட்டாள். பதில் போட்டால் அது ராஸ்கோவுக்கு இல்லையே. அவர் போய்விட்டார் என்று நானே ஒப்புக்கொள்கிற மாதிரி ஆகிவிடும்.

லூயிவில்காரர்கள் அக்டோபர் 14 காலையில் கையெழுத்துக்கு வருகிறார்கள். போடுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்குத் தெரியவில்லை, ஆர்டிஸ்.

வெல்டா


ஓர்டன், நெப்ராஸ்கா
அக்டோபர் 1, 1986

அக்காவுக்கு,

சுகம். அறுவடை நடக்கிறது.

முகம் தெரியாத ஆண்கள் ஊதுகிறார்கள், சரி. இங்கே முகம் தெரிந்த ஒருத்தி சுவருக்கு வர்ணம் பூசிவிட்டுக் காத்திருக்கிறாள். உன் இஷ்டம் போலச் செய்.

ஆர்டிஸ்


ஹார்லன் லேண்டிங்
அக்டோபர் 14, 1986

என் தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நான் நலம். நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு மிகவும் நலம்.

உன் கோபம் நியாயம். அதனால் உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன், மார்லிஸிடம்கூட என் மனதில் இருந்ததை இன்னும் சொல்லவில்லை.

நேற்று மிஷிகனிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். பஸ் தாமதம், அதனால் மார்லிஸ் அவர்களை முன்தெரு முனைக்குக் கொண்டுவந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. நான் திரையை விலக்கி வைத்திருந்தேன். காலையில் கையெழுத்து. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தாழ்வாரத்துக்கு வந்தேன், அவ்வளவுதான். கையில் பாத்திரத் துண்டு இருந்தது.

வளைவில் படகு திரும்பியது. ஊதியது. என்ன ஆனதென்று தெரியவில்லை, விரல் தானாகச் சுவிட்சுக்குப் போய்விட்டது. தட்டினேன்.

எரியவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும். பல்பு செத்துப் போயிருந்தது, அத்தனை மாதம் தொடாததால் எனக்குத் தெரியவில்லை.

படகு மெதுவாகிவிட்டது. இன்னொரு முறை ஊதியது. டெல்மர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, வேறு யாரும் அவ்வளவு பொறுமையாக நிற்க மாட்டார்கள். துண்டை ஆட்டினேன். அந்த இருட்டில் யாருக்குத் தெரியும்?

கீழே படியிலிருந்து மார்லிஸ் கத்தினாள். "அம்மா, விளக்கு."

"பல்பு போச்சுடி."

தோணிகள் ஒவ்வொன்றாக வீட்டைக் கடக்கத் தொடங்கின. கடைசித் தோணிக்குப் பின்னால்தான் படகு. அதுவும் போய்விட்டால் நான் மறுபடி சுவிட்சில் கை வைப்பேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அப்போது ஆசிரியர்களில் ஒரு குள்ளமான மனிதர் கேமராவை எடுத்து ஆற்றைப் பார்த்து அழுத்தினார். பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

மார்லிஸ் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு குடையைத் தலைக்கு மேலே தூக்கினாள். "எல்லாரும் எடுங்க. வீட்ட இல்ல, ஆத்தப் பார்த்து. எடுங்க, எடுங்க."

என் படிக்கட்டு முழுவதும் மின்னியது, ஆர்டிஸ். கிழவர்களும் கிழவிகளும் கேமராவைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அழுத்தினார்கள். ஒருத்திக்குக் கேமரா இல்லை, பக்கத்து ஆளின் முழங்கையைப் பிடித்து உயர்த்திக்கொண்டிருந்தாள். மின்மினிக் கூட்டம் மாதிரி. வீட்டில் ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று.

படகில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அதன் பெரிய விளக்கு எரிந்தது. தண்ணீரிலிருந்து மெதுவாகக் கரைக்கு ஏறியது அந்த வெளிச்சம். துறையின் கல் மேல் போனது. இரும்புக் கடைகள் ஒவ்வொன்றாக வெள்ளி மாதிரி எழுந்தன. பாடுகிற பெண்ணின் வாய் தெரிந்தது. கடிகாரத்தின் முகமில்லாத பக்கம் தெரிந்தது. வங்கிச் சுவரில் நம் படகு போன கோடு தெரிந்தது, அதைத் தாண்டி மேலே, மேலே, என் தாழ்வாரம். என் மேல் வந்து நின்றது. கண் கூசியது. நான் முகத்தை மறைக்கவில்லை.

அந்த வெளிச்சத்தில் துண்டை ஆட்டினேன். இருக்கிறேன் என்றேன். வாய்விட்டே சொன்னேன். ராஸ்கோவிடம் சொல்லவில்லை, அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

படகு ஊதியது. நீளமும் குட்டையுமாக இல்லை. ஒரே நீளம். வளைவு தாண்டும் வரை நிறுத்தவில்லை.

இன்று காலை லூயிவில்காரர்கள் வந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான். "ஜன்னலுக்காகத்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அந்த மஞ்சள் அறைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உன்னைப் பிடிக்காமல் இல்லை. உன் வீட்டில் அது கேட்காது. அவ்வளவுதான்.

உன் அக்கா,
வெல்டா


ஓர்டன், நெப்ராஸ்கா
நவம்பர் 3, 1986

அக்கா,

வெர்லினுக்கு முதுகு வலி, எனக்கு அவரால் தலைவலி. மற்றபடி சுகம்.

அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். இரண்டு வாரம் உனக்கு எழுதவில்லை. பிறகு ஒரு நாள் உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். படகு விளக்கு வங்கிச் சுவருக்கு வருகிற இடத்தில் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய், அறுத்த வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "அந்தக் கோட்டுக்குக் கீழ உன்ன நிக்க வச்சுப் பார்க்கணும்" என்றார்.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை நேரில் கொண்டு வருகிறேன். ஏப்ரலில் விதைப்புக்கு முன்னால் வருகிறோம். எனக்கும் ஒரு மஞ்சள் தாள் ஒட்ட வேண்டும்.

ஆர்டிஸ்


ஹார்லன் லேண்டிங்
நவம்பர் 15, 1986

அன்புத் தங்கைக்கு,

வெர்லின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நலம். பல்பு மாற்றிவிட்டேன், கையிருப்பாக இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

மிச்சக் கோபத்தைத் தாராளமாகக் கொண்டு வா. இங்கே வைக்க இடம் இருக்கிறது, ராஸ்கோவின் பூட்ஸுக்குப் பக்கத்தில்.

மார்லிஸ் இப்போது கதையை மாற்றிச் சொல்கிறாள். நான் உயிரோடு இருக்கிறேன், ஆனால் எனக்குத் தொண்ணூறு வயது. பழசென்றால்தான் கேட்பார்களாம்.

வருகிறவள் ஒன்றை மட்டும் நினைவில் வை. எந்த ஊர் என்று அவள் கேட்டால் வேறு ஏதாவது ஊரைச் சொல்லிவிடு. நெப்ராஸ்கா என்றால் நம்ப மாட்டாள்.

ஏப்ரலை எதிர்பார்த்திருக்கும் அக்கா,
வெல்டா